நடுத்தர ரக ஸ்போர்ட்ஸ் பைக்குகள்: இன்ஜின் திறனில் பழையவையும் புதியவையும்

நடுத்தர ரக ஸ்போர்ட்ஸ் பைக் என்பது ஏறத்தாழ 600 முதல் 900 சிசி வரையிலான இன்ஜினும், முன்பக்கத்தை மூடும் ஃபேரிங்கும், முன்னோக்கிக் குனிந்து ஓட்டும் இருக்கை அமைப்பும் கொண்ட மோட்டார் சைக்கிள் வகை. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் 600 சிசி நான்கு சிலிண்டர் வண்டிகளோடு இந்த வகை உருப்பெற்றது. இயந்திரம் எதுவானாலும் புதியது பழையதை விட வலுவாக இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இந்த வகையில் அது பொய்க்கிறது. 600 சிசி வண்டியின் உச்சத் திறன் 2008-இல் 129 குதிரைத்திறனைத் தொட்டது. இன்று இதே வகையில் விற்கும் வண்டிகள் பெரும்பாலும் 73 முதல் 124 வரை நிற்கின்றன. இது பொறியியலின் தோல்வி அன்று. இன்ஜின் எந்தச் சுழற்சி வேகத்தில் தன் திறனைத் தர வேண்டும் என்ற முடிவுதான் மாறியிருக்கிறது. அதனால் உச்சத் திறன் என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்துப் பழையதையும் புதியதையும் எடைபோடுவது தவறான முடிவுக்கே கொண்டுசேர்க்கும். இக்கட்டுரையில் வரும் எண்கள் தயாரிப்பாளர்கள் அறிவித்தவை. திறன் மெட்ரிக் குதிரைத்திறனில், கிராங்க் தண்டில் கணக்கிடப்பட்டது.

ஏறுமுகம்: 1985 முதல் 2008 வரை

முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வகையின் வரலாறு ஒரே திசையில் ஏறியது. 1985-இல் வந்த கவாஸாகி ஜிபிஇசட்600ஆர், நீரால் குளிரும் நான்கு சிலிண்டர், 16 வால்வு இன்ஜினை 600 சிசி அளவுக்குக் கொண்டுவந்தது. அதன் திறன் சுமார் 75. 1987-இல் ஹோண்டா சிபிஆர்600எஃப் 11,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 11,000 சுழற்சி) 85 தந்தது. 1999-இல் முதல் யமஹா ஆர்6 13,000 ஆர்பிஎம்மில் சுமார் 120-ஐ எட்டியது. ஒரு லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற இந்த விகிதம், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை பந்தய இன்ஜின்களோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டது. 2006-இல் மின்னணு த்ராட்டிலோடு வந்த ஆர்6 14,500 ஆர்பிஎம்மில் 127 தந்தது. 2008-இல் அது 129 ஆனது. அதே 2006-இல் டிரயம்ஃப் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டேடோனா 675, 12,500 ஆர்பிஎம்மில் 125 தந்து, நான்கு சிலிண்டர் இல்லாமலும் போட்டியில் நிற்கலாம் என்று காட்டியது. கவாஸாகி இசட்எக்ஸ்-6ஆர் 2013-இல் 131-ஐத் தொட்டது. ஆனால் அதற்கு 636 சிசி தேவைப்பட்டது.

இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி சுழற்சி வேகத்திலிருந்து வந்தது. டார்க் எனப்படும் முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே திறன். 1987 சிபிஆரையும் 2008 ஆர்6-ஐயும் அருகருகே வைத்தால், திறன் 52 சதவீதம் கூடியிருக்கிறது; உச்சத் திறன் கிடைக்கும் ஆர்பிஎம் 32 சதவீதம் கூடியிருக்கிறது. எஞ்சிய சுமார் 15 சதவீதம்தான் சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் சிறப்பாக நிரப்பி எரித்ததால் கிடைத்தது. அந்தச் சுழற்சியைத் தாங்குவதற்காக பிஸ்டனின் நகர்வு 48 மில்லிமீட்டரிலிருந்து 42.5 ஆகச் சுருங்கியது. சிலிண்டரின் விட்டம் 63-லிருந்து 67 ஆக விரிந்தது. சுழற்சி வேகமே விற்பனை முழக்கமாக மாறிய காலம் அது. 2006 ஆர்6-இன் டாக்கோமீட்டரில் சிவப்புக்கோடு 17,500-இல் தொடங்கியது. இன்ஜின் உண்மையில் சுமார் 16,000 வரையே சுழன்றது. இது வெளிவந்தபோது, அமெரிக்காவில் மனநிறைவு இல்லாத வாடிக்கையாளர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள யமஹா முன்வந்தது.

இறங்குமுகமும் அதன் காரணங்களும்

அதிக ஆர்பிஎம்மில் திறன் தரும் இன்ஜினுக்கு ஒரு விலை உண்டு. சிலிண்டரை நிரப்ப மிகக் குறைந்த நேரமே கிடைப்பதால், உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி கேம் தண்டு வடிவமைக்கப்படுகிறது. 14,000 ஆர்பிஎம்மில் இது நன்மை. 4,000-இல் இதே ஏற்பாடு எரியாத எரிபொருளை நேராகப் புகைக்குழாய்க்கு அனுப்புகிறது. ஐரோப்பிய மாசு விதிகள் அடித்த இடமும் இதுதான். பெரிய மோட்டார் சைக்கிள் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஹைட்ரோகார்பன் (எரியாத எரிபொருள்) அளவு, 2006-இன் யூரோ 3 விதியில் 0.3 கிராம், 2016-இன் யூரோ 4-இல் 0.17, 2020-இன் யூரோ 5-இல் 0.1. பதினான்கு ஆண்டுகளில் வரம்பு மூன்றில் ஒரு பங்காகக் குறுகியது. யூரோ 4-க்கு ஏற்ப 2017-இல் திருத்தி வந்த ஆர்6-இன் திறன் 118.4 ஆக இறங்கியது. யூரோ 5 வந்ததும் ஐரோப்பியச் சாலை விற்பனையிலிருந்தே விலகி, அது பந்தயத் தடத்துக்கு மட்டுமான வண்டியாயிற்று.

ஆனால் மாசு விதியை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான். ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் இதற்குச் சான்று. ஐரோப்பாவில் முன்பு 13,500 ஆர்பிஎம்மில் 120 தந்த அந்த வண்டி யூரோ 4 காலத்தில் அங்கிருந்து விலகியது. 2024-இல் யூரோ 5+ விதியை நிறைவு செய்தபடி 14,250 ஆர்பிஎம்மில் 121 குதிரைத்திறனோடு திரும்பி வந்தது. ஆக, நான்கு சிலிண்டர் 600 இன்ஜினால் புதிய விதிக்குள் பழைய திறனைத் தர முடியும். அதற்கு கேம் தண்டு, வால்வு ஸ்பிரிங், கிராங்க் தண்டு ஆகியவற்றை மாற்ற வேண்டியிருந்தது. த்ராட்டில் வாயை 40 மில்லிமீட்டரிலிருந்து 44 ஆக விரிக்க வேண்டியிருந்தது. இத்தனை உழைப்பும் கூட்டித் தந்தது ஒரே ஒரு குதிரைத்திறன். தொழில்நுட்பம் முன்னேறவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்த முன்னேற்றம் முழுவதும் திறனை இழக்காமல் காப்பதற்கே செலவானது. அந்தச் செலவை விலையில் ஏற்றினால் வாங்க ஆள் வேண்டும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்போர்ட்ஸ் பைக் விற்பனை கடுமையாகச் சரிந்ததால், அந்த ஆட்கள் குறைந்துபோனார்கள்.

மூன்றாவது காரணம் ஓட்டுநர் உரிமச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடைமுறையில் உள்ள ஏ2 உரிமம், இளம் ஓட்டுநரை 35 கிலோவாட் வரையிலான வண்டிக்குள் நிறுத்துகிறது. பெரிய வண்டியின் திறனைக் குறைத்து ஓட்டலாம். ஆனால் அதன் அசல் திறன் 70 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. 70 கிலோவாட் என்பது 95 குதிரைத்திறன். ஹோண்டா சிபிஆர்650ஆர், 2024-இல் வந்த டிரயம்ஃப் டேடோனா 660 இரண்டும் சரியாக 95-இல் நிற்பதற்கும், 100 குதிரைத்திறன் ஏப்ரிலியா ஆர்எஸ்660-க்கு 95-இல் ஒரு வடிவம் இருப்பதற்கும் இந்தச் சட்ட எல்லை விளக்கம் தருகிறது. இன்ஜினின் இயற்பியல் வரம்பு அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

புதிய இன்ஜின்கள் திறனை எங்கே வைக்கின்றன

2021-இல் அறிமுகமான யமஹா ஆர்7, 689 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜினிலிருந்து 8,750 ஆர்பிஎம்மில் 73.4 குதிரைத்திறன் மட்டுமே தருகிறது. 2017 ஆர்6-இன் 118.4-க்குப் பக்கத்தில் வைத்தால் இது பரிதாபமான எண்ணாகத் தெரியலாம். உச்சத்தை விட்டு நடுப்பகுதிக்கு வந்தால் படம் மாறுகிறது. ஆர்7 தன் உச்ச டார்க்கான 67 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்பிஎம்மிலேயே தருகிறது. கணக்கிட்டால் அந்த இடத்தில் சுமார் 62 குதிரைத்திறன். 2017 ஆர்6-இன் உச்ச டார்க் 61.7, அது கிடைப்பது 10,500 ஆர்பிஎம்மில். அந்த உச்ச டார்க்கையே அடியிலும் தரும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 62 குதிரைத்திறனுக்கு ஆர்6 7,000 ஆர்பிஎம்மைக் கடந்தாக வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேலே போக வேண்டும். டேடோனா 660 தன் டார்க்கில் 80 சதவீதத்துக்கு மேல் 3,125 ஆர்பிஎம்மிலிருந்தே தருவதாக டிரயம்ஃப் அறிவித்துள்ளது. ஆர்7 இன்ஜின் சோம்பேறித்தனமாக வடிவமைக்கப்பட்டது என்ற எண்ணத்தையும் ஒரு கணக்கு தகர்க்கிறது. 68.6 மில்லிமீட்டர் நகர்வு கொண்ட அதன் பிஸ்டன், 8,750 ஆர்பிஎம்மில் சராசரியாக நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 14,500-இல் ஆர்6 பிஸ்டனின் சராசரி வேகம் 20.5 மீட்டர். உச்சத் திறனில் இரு பிஸ்டன்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன.

திறனைக் குறைத்தது ஓர் உணர்ந்த முடிவு என்பதற்கு மிகத் தெளிவான சான்று டுகாட்டி பானிகாலே வி2. 955 சிசி இன்ஜினோடு 155 குதிரைத்திறன் தந்த அந்த வண்டியை விலக்கி, 2025-க்கு 890 சிசியில் 120 குதிரைத்திறன் கொண்ட புதிய வி2-வை அதே நிறுவனம் கொண்டுவந்தது. உச்சத்தில் 35 குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து, உள்வாங்கும் வால்வுகளுக்கு மாறும் நேர அமைப்பையும், 3,000 ஆர்பிஎம்மிலேயே 70 சதவீத டார்க்கையும், 17 கிலோ வரை எடைக்குறைப்பையும் பெற்றது. 2025-இன் யமஹா ஆர்9 வேறொரு வழியைக் காட்டுகிறது: 890 சிசி மூன்று சிலிண்டர், 10,000 ஆர்பிஎம்மில் 119 குதிரைத்திறன், 7,000-இல் 93 நியூட்டன் மீட்டர். கடைசி ஆர்6-இன் அதே உச்சத் திறன், 4,500 ஆர்பிஎம் கீழே. வேர்ல்ட் சூப்பர்ஸ்போர்ட் பந்தயமும் 2022 முதல் சிசி கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வெவ்வேறு இன்ஜின்களைச் சமன்செய்யும் விதிக்கு மாறியது. 600 சிசி என்ற பழைய எல்லை பந்தயத்திலேயே காலாவதியாகிவிட்டது.

எதிர்வாதங்கள்

நடுப்பகுதி டார்க் என்ற வாதத்துக்குப் பொறியியல் சார்ந்த ஒரு மறுப்பு உண்டு. அதிகம் சுழலும் இன்ஜினுக்குக் கியர் விகிதமும் குறுகலாகவே அமைக்கப்படுகிறது. எனவே ஒரே சாலை வேகத்தில் அது கூடுதல் ஆர்பிஎம்மில் சுழன்று, சக்கரத்தில் டார்க் குறையை ஈடுகட்டிக்கொள்கிறது. இது சரியான மறுப்பு. முடுக்கத்தைத் தீர்மானிப்பது அந்தக் கணத்தில் கிடைக்கும் திறன்தான். பந்தயத் தடத்தில் இன்ஜினை எப்போதும் 11,000-க்கு மேலே வைத்திருக்கும் ஓட்டுநருக்குப் பழைய ஆர்6 புதிய ஆர்7-ஐ விட வேகமான வண்டி; அதை மறுக்க இடமில்லை. ஆனால் கியரால் இன்ஜினின் பயன்படு எல்லையை விரிக்க முடியாது, அதை நகர்த்தத்தான் முடியும். சாலையில் ஒரு லாரியை முந்துவதற்கு இரண்டு கியர் இறக்க வேண்டிய இன்ஜினுக்கும், இருக்கும் கியரிலேயே இழுக்கும் இன்ஜினுக்கும் உள்ள வேறுபாட்டை உச்சத் திறன் என்ற எண் சொல்வதில்லை.

இன்னொரு எதிர்வாதம், இவையெல்லாம் செலவைக் குறைக்கும் உத்தி என்பது. ஆர்7-இன் இன்ஜின் எம்டி-07 என்ற அன்றாட வண்டியிலிருந்தும், டேடோனா 660-இன் இன்ஜின் டிரைடென்ட் 660 குடும்பத்திலிருந்தும் வந்தவை என்பது உண்மை. செலவு ஒரு காரணமே. ஆனாலும் மலிவாக்கம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், மாறும் வால்வு நேர அமைப்போடு டுகாட்டி ஒரு புதிய இன்ஜினையே உருவாக்கியிருக்க வேண்டியதில்லை. அறிவிக்கப்படும் எண்களையே நம்ப முடியாது என்பதும் ஓரளவு நியாயம். வேகத்தில் உட்புகும் காற்றழுத்தத்தைச் சேர்த்துச் சொன்னால் 2024 இசட்எக்ஸ்-6ஆர்-இன் 124 என்பது 129 ஆகிறது. பின்சக்கரத்தில் அளந்தால் எந்த வண்டியிலும் எண் குறையும். ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு இரு தலைமுறைக்கும் பொது. எண்களைச் சற்றே திருத்தினாலும் ஒப்பீட்டின் திசை மாறுவதில்லை.

மதிப்பீடு

இந்தச் சான்றுகளை ஒன்றுசேர்த்தால், உச்சத் திறனில் பழைய தலைமுறை வென்றது; பயன்படும் திறனில் புதிய தலைமுறை முன்னிற்கிறது. கட்டுப்பாட்டில் புதியவற்றின் முன்னேற்றம் மறுக்க முடியாதது. இன்றைய சிபிஆர்600ஆர்ஆர் தன் முன்னோடியை விட ஒரு குதிரைத்திறன்தான் கூடுதல். ஆனால் சாய்வையும் சறுக்கலையும் உணரும் ஆறு அச்சு உணரியையும், அதைச் சார்ந்த பிரேக், இழுவைக் கட்டுப்பாட்டையும் கொண்டிருக்கிறது. 2008-இன் 129 குதிரைத்திறனுக்குக் காவலாக இருந்தது ஓட்டுபவரின் வலது மணிக்கட்டு மட்டுமே. எனவே எந்த ஒப்பீடும் மூன்று எண்களையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்: உச்சத் திறன், அது கிடைக்கும் ஆர்பிஎம், உச்ச டார்க் கிடைக்கும் ஆர்பிஎம். முதல் பெரிய வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இளைஞருக்கு இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. பழைய 600-ஐ அதன் எண்ணுக்காக மட்டும் வாங்குபவர், அந்த எண்ணைச் சாலையில் பாதுகாப்பாகத் தொட இடமே கிடைக்காமல் போவார். புதியதை அதன் எண்ணுக்காக மட்டும் ஒதுக்குபவர், அன்றாடம் கைக்கு எட்டும் திறனை ஒதுக்கிவிடுகிறார். பந்தயத் தடம் ஒன்றே நோக்கம் என்றால், நன்கு பராமரித்த பழைய நான்கு சிலிண்டர் வண்டி இன்றும் நியாயமான தேர்வு; சாலைக்கு என்றால், குறைந்த எண் கொண்ட புதிய வண்டியே சிறந்தது.