கழித்தல் குறியும் அடுக்கும்: எதை முதலில் செய்வது?

ஜொகூர், கூலாய் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த பண்டார் தெங்காராவிலும் சரி, நாட்டின் மற்றத் தோட்டப்புறங்களிலும் சரி, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளைகள் முதலாம் படிவத்தில் இரண்டு மாற்றங்களை ஒருசேரச் சந்திக்கிறார்கள். பாடமொழி மலாயாகிறது, எண்கள் சுழியத்துக்குக் கீழே இறங்குகின்றன. 2017-இல் அறிமுகமான கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டத்தில் முதலாம் படிவக் கணிதத்தின் முதல் அத்தியாயமே எதிர்ம எண்களைக் கற்பிக்கிறது. மூன்றாம் படிவம் அடுக்குகளுடன் தொடங்குகிறது. அடிப்படையை வீட்டில் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு வகுப்பில் புதிதாக இருப்பது சொற்கள் மட்டுமே.

எதிர்ம எண்கள்

எதிர்ம எண்ணைக் கடனாக நினைத்தால் எளிது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தரும் நேர்ம எண்ணைச் சொத்து என்றும் எதிர்ம எண்ணைக் கடன் என்றும் கொண்டே விதிகளை வகுத்தார். மளிகைக் கடையில் 20 ரிங்கிட் கடன் மூன்று முறை ஏறினால் 3 × (−20) = −60. கடைக்காரர் அதில் இரண்டு கடன்களைத் தள்ளுபடி செய்தால் (−2) × (−20) = 40; அதாவது, 40 ரிங்கிட் நமக்கு லாபம். இரண்டு எதிர்ம எண்களைப் பெருக்கினால் நேர்ம எண் வருவது இதனால்தான்.

அடுக்குகள்

3² என்றால் 3 × 3. அதை 3 × 2 என்று எண்ணி 6 எனப் போடுவது அடிக்கடி நேரும் பிழை. கழித்தல் குறி சேரும்போது அடைப்புக்குறியைக் கவனிக்க வேண்டும்.

(−3)² = (−3) × (−3) = 9
−3² = −(3 × 3) = −9

இரண்டாவதில் அடுக்கு 3-க்கு மட்டுமே உரியது. பெரும்பாலான அறிவியல் கணிப்பான்களும் −9 என்றே காட்டும். ஆனால் எக்செல் மென்பொருள் கழித்தல் குறியை முதலில் சேர்த்துக்கொண்டு 9 எனக் காட்டும். ஆகவே, அடைப்புக்குறி போட்டு எழுதுவதே பாதுகாப்பு.

செய்யும் வரிசை

1. அடைப்புக்குறிக்குள் இருப்பது
2. அடுக்கு
3. பெருக்கல், வகுத்தல்: இடமிருந்து வலம்
4. சேர்த்தல், கழித்தல்: இடமிருந்து வலம்

பெருக்கலும் வகுத்தலும் சமநிலை. எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். சேர்த்தல், கழித்தலுக்கும் அதே விதி. 12 − 8 + 3 என்பதன் விடை 7. முதலில் 8-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 1 எனத் தவறாக வரும். கடைகளில் உள்ள சாதாரணக் கணிப்பான் பலவற்றில் 2 + 3 × 4 என வரிசையாக அழுத்தினால் 20 வரும். சரியான விடை 14.

ஓர் எடுத்துக்காட்டு:

20 − 2 × (−3)² + 8 ÷ 4 × 2
= 20 − 2 × 9 + 8 ÷ 4 × 2
= 20 − 18 + 4
= 6

வரிக்கு ஒரு படியாக எழுதிப் பழகினால் பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைப் பெற்றோரும் கண்டுபிடிக்கலாம்.

வகுப்பில் கேட்கும் சொற்கள்

எதிர்ம எண் – நொம்போர் நெகாத்திஃப்
அடைப்புக்குறி – குருங்கான்
அடுக்கு – இண்டெக்ஸ் அல்லது குவாசா
அடிமானம் – ஆசாஸ்
கலவைக் கணக்கு – ஒப்பெராசி பெர்காபுங்