கலமும் பொருளும்: நூற்பட்டிப் பதிவின் வரலாறு

நூலகத்திலே ஒரு நூலைத் தேடுவோர் முதலிற் காண்பது அலமாரியை அன்று, நூற்பட்டியையே. பட்டியில் அகப்படாத நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். அயல்நாட்டு நூலகங்கள் பலவற்றின் கணினிப் பட்டிகளிலே தமிழ் நூல்கள் நெடுங்காலம் தமிழெழுத்தில் இடம்பெறாமற் போயின. அதன் காரணத்தை ஆராயப் புகுவோர், 1960களில் அமெரிக்கத் தலைநகரில் வகுக்கப்பெற்ற ஒரு பதிவு முறையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் 1901ஆம் ஆண்டு முதல், அச்சிட்ட நூற்பட்டி அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்று வந்தது. ஒரு நூலின் விவரத்தை ஓரிடத்தில் ஒருமுறை எழுதிவிட்டால், ஏனைய நூலகங்கள் அவ்வுழைப்பை மீண்டும் மேற்கொள்ள வேண்டுவதில்லை. அட்டையைப் படிப்பவர் மனிதர். ஆசிரியர் பெயர் எது, நூற்பெயர் எது, பதிப்பித்த ஊர் எது என்பதை அச்சின் அமைப்பை நோக்கியே அவர் உணர்ந்துகொள்வார். பொறிக்கு அவ்வுணர்வு ஏது? ஒவ்வொன்றையும் இன்னதென்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

இப்பணிக்கென 1965இல் அந்நூலகத்திற் சேர்ந்தவர் என்றியெட் அவ்ராம் என்னும் அம்மையார். அவர் நூலகவியல் பயின்று வந்தவர் அல்லர். கணினிக்கு நிரல் எழுதும் தொழிலினர். அவர் காலத்துத் துளையட்டை ஒன்றில் 80 இடங்களே உண்டு. பெயருக்கு இத்தனை இடம், தொகைக்கு இத்தனை இடம் என வரையறுத்துவிட்டால் சம்பளப் பட்டியலுக்கு அது போதும். நூல்களோ அவ்வாறு அடங்குவன அல்ல. ஒரு நூலின் பெயர் ஒரே சொல்லாயிருக்கும்; மற்றொன்றின் பெயர் முகப்புப் பக்கம் முழுவதையும் நிரப்பும். ஒரு நூலுக்கு ஆசிரியர் ஒருவர்; வேறொன்றிற்கு ஐவர்.

அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதற்குக் கண்ட வழி எளிது, ஆயினும் நுட்பமானது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 24 எழுத்துக்கள் கொண்ட தலைப்பகுதி நிற்கும். அதனை அடுத்து ஓர் அடைவு. அடைவின் ஒவ்வோர் உறுப்பும் 12 இலக்கங்களால் ஆயது: முதல் மூன்று இன்ன விவரம் என்று காட்டும்; அடுத்த நான்கு அதன் நீளம்; எஞ்சிய ஐந்து அது தொடங்கும் இடம். எடுத்துக்காட்டாக, 245003500120 என்றிருப்பின், 245 என்னும் புலம், அதாவது நூற்பெயர், 35 இடம் நீளமுடையது, 120ஆம் இடத்தில் தொடங்குவது என்பது பொருள். ஆசிரியர் பெயருக்கு 100, பொருட்டலைப்புக்கு 650. பெயர்களை எண்களாகக் குறித்தமையால் எம்மொழியார்க்கும் அவை ஒன்றேயாயின.

‘மார்க்’ எனப் பெயர்பெற்ற இம்முறை 1966இல் 16 நூலகங்களோடு வெள்ளோட்டம் விடப்பெற்றது. 1969 முதல் பதிவுகள் காந்த நாடாக்களில் ஏறி ஊர்தோறும் சென்றன. 1973இல் இதன் அமைப்பு ‘ஐ.எஸ்.ஓ. 2709’ என்னும் உலகத் தரமாயிற்று.

ஈண்டு ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. உலகத் தரமாகியது கலம் மட்டுமே. அதனுள் இடும் பொருள் அன்று. 245 என்றால் நூற்பெயர் என்று அத்தரம் கூறுவதில்லை. ஆகவேதான் 1977இல் வெளிவந்த ‘யுனிமார்க்’ அதே கலத்தை எடுத்துக்கொண்டு நூற்பெயருக்கு 200 என்னும் எண்ணை வைத்துக்கொள்ள முடிந்தது. இப்பிரிவினையின் முழுப்பயன் விளங்க இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. 2002இல் காங்கிரஸ் நூலகம் இதே புலங்களை எக்ஸ்.எம்.எல். என்னும் புதிய கலத்தில் வைத்தது. பின்னர் ஜேசான் என்னும் கலமும் வந்தது. முன்பு கலம் ஒன்றாயிருக்கப் பொருள் மாறியது. இப்பொழுது பொருள் ஒன்றாயிருக்கக் கலம் மாறியது.

கலங்கள் பல்கியபோது நிரல் எழுதுவோர் ஒரு கணக்குப் போட்டனர். ஐந்து வகைக் கலங்கள் உளவெனின், ஒவ்வொன்றையும் மற்றொவ்வொன்றாக மாற்ற 20 மாற்றிகள் தேவை. அதனை விடுத்து, நடுவே ஒரு பொதுப் பதிவை நினைவகத்தில் வைத்து, கலத்திற்கு ஒரு படிப்பியும் ஓர் எழுதியும் அமைத்தால் பத்து போதும். புதிய கலம் ஒன்று வந்தால் மேலும் இரண்டைச் சேர்த்தால் முடிந்தது. பழைய நிரலைத் தொட வேண்டுவதில்லை. ‘பைமார்க்’ முதலிய இன்றைய நூலக நிரல்கள் இவ்வகையிலேயே இயங்குகின்றன.

கலம் எத்துணைச் சிறப்புடையதாயினும், அதில் எழுதும் எழுத்து வேண்டுமன்றோ? மார்க் முறைக்கென வகுத்த எழுத்துத் தொகுதியில் இலத்தீனம் இருந்தது. பின்னர்ச் சீனம், சப்பானியம், கொரியம், அரபு, எபிரேயம், கிரேக்கம், சிரிலிக் ஆகியவையும் இடம்பெற்றன. தமிழ் இடம்பெறவில்லை. மூலவெழுத்தில் நூற்பெயரை எழுதுதற்கு 880 என்னும் புலம் இருந்தும், தமிழுக்கு அது பயன்படவில்லை. எனவே தமிழ் நூற்பெயர்கள் இலத்தீன் எழுத்திலேயே ஏறின. ழகரத்தின் கீழே ஒரு கோடு, ளகரத்தின் கீழே ஒரு புள்ளி, நெடிலின் மேலே ஒரு கோடு என்பது அங்குள்ள ஒலிபெயர்ப்பு முறை. அக்கோடும் புள்ளியும் உள்ளவரை குற்றமில்லை. தேடுவோர் அவற்றைத் தட்டச்சிடுவதில்லை. பல பொறிகள் அவற்றைக் காட்டுவதுமில்லை. அவை நீங்கின் வலை, வளை, வாலை, வாளை, வாழை ஆகிய ஐந்தும் ஒரே சொல்லாகிவிடும். மொழியாசிரியர்க்கு இதனினும் பெரிய இழப்பு வேண்டா. பெயர்களின் நிலையும் அத்தகையதே. 100ஆம் புலத்தில் முதற்குறி 0 எனின் இயற்பெயர், 1 எனின் குடும்பப்பெயர். தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழரை எதில் அடக்குவது என்பதை, பட்டி எழுதுவோர் தமிழ் மரபு அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் பொது எழுத்துத் தொகுதியில் தமிழ் முதற்பதிப்பிலேயே இருந்தது. பின்னர் மார்க் பதிவும் அதனை ஏற்றது; தலைப்பகுதியில் ஓர் இடத்திலே இலத்தீன் முதலெழுத்து நின்றால் இப்பதிவு யூனிகோட்டில் உளது என்பது அடையாளம். ஆயினும் ஓர் இடர் எஞ்சியது. ‘தமிழ்’ என்னும் சொல் இலக்கணப்படி மூன்றெழுத்து. யூனிகோட்டுக் குறிகள் ஐந்து. மார்க் பதிவில் அது கொள்ளும் இடமோ 15 பைட்டு. அடைவு பைட்டைக் கணக்கிடுவது. எழுதி நிரல் 15 என்னாது 5 என்று குறித்துவிட்டால், அதற்குப் பின்வரும் புலங்கள் யாவும் இடம் பெயர்ந்து பாழாகும். எக்ஸ்.எம்.எல்., ஜேசான் கலங்களில் நீளம் எண்ணுவதே இல்லையாதலின் அங்கு இவ்விடர் எழுவதில்லை.

இனி எழுதும் பதிவுகளுக்குத் தடையொன்றுமில்லை. இலத்தீன் எழுத்தில் முன்னரே ஏறியவற்றுள், கோடும் புள்ளியும் அழியாதவற்றைப் பொறியே பெரும்பாலும் தமிழாக்கிவிடும். அவை அழிந்த பதிவுகளை, நூலைக் கையிலே வைத்துக்கொண்டு தமிழறிந்த ஒருவர் 880ஆம் புலத்தில் திரும்ப எழுதுதல் வேண்டும்.