டெய்லரின் கடிகாரம்

வணிகக் கல்வி ஆசிரியர் லீவு போட்ட ஒரு நாள், உயர்தர வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். தமிழ் படித்தவனுக்கும் முகாமைத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்? பாடநூலை வாசிக்கச் சொன்னேன். விஞ்ஞான முகாமைத்துவத்தின் தந்தை டெய்லர் என்று ஒரு பிள்ளை வாசித்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், டெய்லர் எண்டா தையல்காரரா?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "எங்கட ராத்தா காமென்டுக்குப் போறா சேர். மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் எண்டு டார்கட். கடிகாரத்தோட பக்கத்தில வந்து நிப்பாங்களாம்" என்றாள்.

அந்தக் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856இல் பிலடெல்பியாவில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர். 1878இல் மிட்வேல் உருக்கு ஆலையில் தொழிலாளியாகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அங்கே தொழிலாளிக்குத்தான் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. வேகமாகச் செய்தால் துண்டுக்கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்பதால் தொழிலாளர் பேசிவைத்தாற்போல் மெதுவாகவே செய்தார்கள். அந்த அறிவைத் தொழிலாளியிடமிருந்து எடுத்து முகாமையாளரின் மேசையில் வைப்பதே டெய்லரின் திட்டம். அதற்கான கருவிதான் நிறுத்தற் கடிகாரம்.

1899இல் பெத்லஹெம் உருக்கு ஆலையில், 92 இறாத்தல் எடையுள்ள இரும்புக் கட்டிகளைச் சுமந்து ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை. ஒருவர் நாளொன்றுக்கு 12½ தொன் ஏற்றிவந்தார். டெய்லர் சொன்னபடி தூக்கி, சொன்னபடி ஓய்ந்த 'ஷ்மிட்' 47½ தொன் ஏற்றினாராம். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலரானது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி கூடியதோ அறுபது வீதமளவில். ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். டெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில் இத்தகைய தொழிலாளியை எருதுக்கு ஒப்பிட்டார். அந்தக் கதையில் மிகைப்படுத்தல்கள் உண்டென்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. அதே 1911இல் வாட்டர்டவுன் இராணுவ ஆயுதசாலையில் கடிகாரம் பிடித்ததற்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரித்தது; 1915இல் அரசாங்க ஆயுதசாலைகளில் நிறுத்தற் கடிகாரம் தடைசெய்யப்பட்டது.

1924இல் சிகாகோவுக்கு அருகே ஹோத்தோர்ன் தொழிற்சாலையில், வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா என்று சோதித்தார்கள். தெளிவான விடை கிடைக்கவில்லை. 1927இல் சில பெண் தொழிலாளரைத் தனியறையில் வைத்து, அபிப்பிராயம் கேட்டு, ஓய்வு நேரங்களை மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி கூடியது. மனிதரை மதித்ததே காரணம் என்றார் எல்டன் மேயோ. இம்முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது. எனக்குள்ள கேள்வி வேறு: அபிப்பிராயம் கேட்டார்கள், சரி, தீர்மானம் யார் கையில் இருந்தது?

அதே காலத்தில் மேரி பார்க்கர் பொலட் என்ற பெண்மணி இந்த இடத்தைத்தான் தொட்டார். ஒருவர் மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு சேர்ந்து வளர்க்கும் அதிகாரம் வேறு என்றார். 1933இல் அவர் இறந்த பின் நெடுங்காலம் அவரை மறந்துவிட்டார்கள்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்தார். அந்த எண்ணமே பின்னர் டொயோட்டா கார் ஆலைக்கும் போனது: பிழையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கலாம், பிழை தீராவிட்டால் முழு வரிசையும் நிற்கும். டொயோட்டாவும் கடிகாரத்தைக் கைவிடவில்லை. ஆனால் நிறுத்தும் உரிமையில் ஒரு பங்கு, வேலை தெரிந்தவரின் கைக்கு வந்தது.

அந்த மாணவியை வீட்டில் ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்னேன்: டார்கட் போடும்போது ராத்தாவிடம் யாராவது கேட்டார்களா?

மறுநாள் வந்து சொன்னாள்: "ராத்தா சிரிச்சா, சேர்."