திருப்பித் தர வேண்டிய வில்லை

சகோதரி இக்னேஷியா ஒரு நிபந்தனையோடுதான் அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார்: மறுபடி குடிக்கத் தோன்றினால், முதல் மடக்குக்கு முன்னால் இதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட வேண்டும். இது நடந்தது அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், புனித தாமஸ் மருத்துவமனையில். குடிநோயாளிக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத காலம் அது. 1939இல் டாக்டர் பாப் ஸ்மித் அழைத்துவந்த ஒருவரை 'இரைப்பை அழற்சி' என்று பதிவேட்டில் எழுதிச் சேர்த்துக்கொண்டவர் இந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி. வீடு திரும்புகிறவர்களுக்கு அவர் தந்தது இயேசுவின் திருஇருதயப் பதக்கம். பரிசு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதற்கான பிணை அது.

அதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1838இல், அயர்லாந்தின் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மாத்யூ மதுவிலக்கு இயக்கம் தொடங்கி, சத்தியம் செய்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்தே கடனாளியானார். ஆனால் அது ஆயுளுக்கும் சேர்த்து ஒரே நாளில் செய்யும் சத்தியம்.

1935இல் ஏக்ரனில் அதே டாக்டர் பாப் இணைந்து தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) ஆயுள் கணக்கை விட்டுவிட்டு, இன்று ஒருநாள் என்றது. அதன் குழுக்களில் சில, சீட்டாட்ட மேசையில் பணத்துக்குப் பதில் வைக்கும் வண்ண வில்லைகளை எடுத்து நாள்களை எண்ணின. பிறகு அலுமினியத்தில் மாதங்களுக்கு, வெண்கலத்தில் வருடங்களுக்கு என்று நாணயங்கள் வந்தன. வில்லையில் எண் இருக்கும், பெயர் இருக்காது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த மீனவர் குப்பத்துக்கு இந்தப் பெயரின்மை பெரிய உதவி.

ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். குடிக்காத ஓராண்டைப் பிறந்தநாள் என்று கொண்டாடும் பழக்கம் இன்று தமிழிலும் உண்டு.

ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு வாரியும் வலை இழுத்தும் முறிந்துபோன ஆண்கள் "உடம்பு வலிக்கு" என்றுதான் குடிக்கிறார்கள். 2023 மே மாதம் இங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது.

இந்தக் கரைக்காரர்களுக்கு நிறுத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் தொடமாட்டார்கள். 'சாமி' என்று ஊரே கூப்பிடும். அந்த மரியாதையும் துணையும்தான் காக்கின்றன. மாலையைக் கழற்றிய மறுநாள் அவர் பழைய பெயருக்குத் திரும்பிவிடுகிறார், துணைக்கு யாருமில்லை.

வில்லைக்குக் கழற்றும் நாள் கிடையாது. இடையில் வழுக்கிக் குடித்துவிட்டவரையும் ஏ.ஏ. கூட்டம் விரட்டுவதில்லை. முதல்நாள் வில்லையை மறுபடி நீட்டுகிறது. நாற்பத்திரண்டாம் நாள் அதை நீட்ட மரக்காணத்துக்கு ஓர் இக்னேஷியா வேண்டும், குப்பத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில்.