கரிசல்காட்டு ஓடம்

திருச்சுழியில் வெள்ளம் புராணத்தில்தான் தாராளம். ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்த, நீரெல்லாம் சுழித்து உள்ளே இறங்கியதாம். ஊர்ப்பெயரில் ‘சுழி’ வந்தது அதனால் என்கிறது தலபுராணம். அங்கே ஓடும் குண்டாறோ ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்துக் கிடக்கும் மணலாறு. இந்தச் சீமையில் ஒருவர், “தாத்தா விட்டுப்போன மர ஓடம் வீட்டில் இருக்கிறது” என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால், பக்கத்து அருப்புக்கோட்டையில் அப்படிச் சொல்ல நியாயம் உண்டு. அது தறி ஊர்.

ஓடம் என்ற சொல்லுக்குத் தோணி, மரக்கலம் என்று பொருள் தரும் தமிழ் அகராதி, நெசவு நாடா என்றும் ஒரு பொருள் தருகிறது. மலையாளத்திலும் ஓடம் இரண்டுக்கும் பெயர். ‘ஓடு’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் என்பது அகராதி காட்டும் வழி. அம்பி, திமில், தோணி, வள்ளம் என்று கலங்களுக்குத் தமிழில் பெயர் ஏராளம் இருக்க, தறிக்கு ஓடம் ஏன் வாய்த்தது? திமில் மீனுக்காகக் கடலுக்குள் போகும்; கப்பல் நாடு விட்டு நாடு போகும். ஓடத்தின் வேலை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருவது. இரு முனையும் கூர்ந்து, நடுவில் குடைந்த மரக்கட்டை, தன் வயிற்றில் நூல் சுற்றிய தாரை ஏற்றிக்கொண்டு, பாவின் மேலிழைக்கும் கீழிழைக்கும் இடையே ஊடை நூலை விட்டபடி போய்வருவதும் அதே வேலைதான். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். இங்கே தறியில் ஏறிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் தறி ஓடத்தை ‘நவெத்’ என்கிறார்கள். கப்பலைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஜெர்மானியருக்கும் இது சிறு கப்பல். ஆங்கிலேயர் மட்டும் எறியும் வேகத்தைப் பார்த்து, எறியம்பைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து ‘ஷட்டில்’ என்றார்கள்.

தறிமேட்டில் இன்று புழங்குவது நாடா என்ற சொல். இடுப்பில் கட்டும் துணி நாடா இந்துஸ்தானி வழி வந்தது. தறி நாடாவுக்குத் தெலுங்கின் ‘நாடெ’ நெருக்கம். தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவுக் குடிகள் தமிழ்ச் சாலியரோடு கலந்து வாழும் தென்பகுதியில் இது வியப்பில்லை. கன்னடத்தில் அதற்கு ‘லாளி’ என்று வேறு பெயர்.

பரணில் கிடக்கும் ஒரு பழைய ஓடத்தின் பூர்வீகத்தை அதன் உடம்பே சொல்லும். முனையில் பூண் இல்லாமல், கைக்கு அடக்கமாக, எடை குறைந்திருந்தால் அது கையால் எறிந்தது. ஒரு கை எறிய, மறு கை பிடிக்கும். கை எட்டும் அகலமே துணியின் அகலம். இரு முனையிலும் இரும்புப் பூண் இருந்தால் அது கயிற்றை இழுத்து அடிக்கும் விசைநாடா. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்ற வகை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் நடத்திய அரசு நெசவுக்கூடம் இதைக் கைத்தறிக்காரர்களிடம் பரப்ப முயன்றது. இன்னும் கனத்து, நீண்டிருந்தால் விசைத்தறியிலிருந்து வந்ததாக இருக்கும். அடி வாங்கியும் பிளக்காத மரம் இதற்கு வேண்டும். உலகெங்கும் ஆலைகளுக்கு அமெரிக்க பெர்சிமன் மரம் போனது. அது நம் கருங்காலியின் இனம். நூல் உரசி உரசி மரத்தில் விழுந்த தடம், அதை ஓட்டியவரின் உழைப்புக் கணக்கு.

இன்று நாடாவே இல்லாத தறிகள் வந்துவிட்டன. சொல்லோ வானம் ஏறிவிட்டது. 1981 ஏப்ரல் 12இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணூர்தி பறந்தபின் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘விண்வெளி ஓடம்’ நிலைத்தது. படகை நினைத்தே பலரும் அதைப் படித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ஊர்திக்குப் பெயர் கொடுத்ததோ தறியின் போக்குவரத்து. ஆகவே அந்த மொழிபெயர்ப்பு மிகச் சரி. அதன் காரணத்தை விண்வெளி ஆய்வாளரைவிட அருப்புக்கோட்டைத் தறிக்காரர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.