சுண்டைக்காய் கால் பணம்: போர்ஷே 944இன் கதை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஒரு பழமொழி உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடையாது. புதிதாக வந்தபோது வசதி படைத்தவர்கள் மட்டுமே வாங்க முடிந்த ஒரு கார், இருபது வருடம் கழித்து சாதாரண சம்பளக்காரர் எட்டிப்பிடிக்கக்கூடிய விலைக்கு வந்து நிற்கும். அவரும் ஆசைப்பட்டு வாங்கிவிடுவார். அதன் பிறகுதான் உண்மையான செலவு ஆரம்பிக்கும்.

ஏன் அப்படி? "வெளிநாட்டு கார், பெரிய கம்பெனி, அதனால் செலவு அதிகம்" என்பது பாதி பதில்தான். மீதி அந்தக் காரின் வரலாற்றில் இருக்கிறது. வடிவமைப்பாளர்கள் என்றோ எடுத்த முடிவுகளுக்கு, இருபது முப்பது வருடம் கழித்து மூன்றாவது சொந்தக்காரர் ஒருவர் பணம் கட்டுகிறார். இதற்கு மிக நல்ல உதாரணம் போர்ஷே 944.

வோக்ஸ்வாகனுக்காகப் பிறந்தது

1970களின் தொடக்கத்தில், தனக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வடிவமைத்துத் தரும்படி வோக்ஸ்வாகன் நிறுவனம் போர்ஷேயிடம் கேட்டது. செலவைக் குறைக்க, இன்ஜின் உட்பட பல பாகங்கள் வோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளிலிருந்தே எடுக்கப்பட்டன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நஷ்டத்தில் சிக்கிய வோக்ஸ்வாகன் அந்தத் திட்டத்தையே கைகழுவிவிட்டது. போர்ஷே, தான் வடிவமைத்த காரைத் தானே வாங்கிக்கொண்டு, 924 என்று பெயரிட்டு 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வண்டி தயாரானதும் போர்ஷேயின் சொந்தத் தொழிற்சாலையில் அல்ல, நெக்கர்சுல்ம் நகரில் இருந்த ஆடி தொழிற்சாலையில்!

924 நன்றாகவே விற்றது. ஆனால் ஒரு கேலியும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின் வோக்ஸ்வாகனின் எல்டி வேனிலும் ஓடியது. "வேன் இன்ஜின் போட்ட போர்ஷே" என்ற பேச்சுக்கு 1982இல் கிடைத்த பதில்தான் 944. அதன் இன்ஜின் போர்ஷேயின் சொந்தத் தயாரிப்பு. 928 காரின் எட்டு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக வெட்டினால் என்ன வருமோ, ஏறக்குறைய அதுதான்: நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர். அமெரிக்காவில் தொடக்க விலை 18,450 டாலர். 1991 வரை 1,60,000க்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. பல அமெரிக்க இளைஞர்களுக்கு "ஒரு நாள் நானும்" என்று கனவு காண வைத்த கார் இது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

நான்கு சிலிண்டரில் 2.5 லிட்டர் என்பது பெரிய இன்ஜின். இயல்பாகவே அது அதிரும். அந்த அதிர்வைச் சமன் செய்ய, இன்ஜினுக்குள் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு தண்டுகள் வைக்கப்பட்டன. பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வழி அது. அதை நவீனப்படுத்திக் காப்புரிமை வைத்திருந்தது ஜப்பானின் மிட்சுபிஷி. போர்ஷே அவர்களுக்குப் பணம் கட்டி அந்த உரிமையைப் பெற்றது. பலன், பட்டுப் போல ஓடும் இன்ஜின். அதற்கு விலை, கூடுதலாக ஒரு பெல்ட்.

ஆக 944இன் முன்பக்கத்தில் இரண்டு ரப்பர் பெல்ட்கள். ஒன்று வால்வுகளைத் திறந்து மூடும் டைமிங் பெல்ட். தண்ணீர் பம்பையும் அதுதான் சுற்றுகிறது. இன்னொன்று சமன் தண்டுகளுக்கு. டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? வால்வுகள் நின்ற இடத்திலேயே நிற்கும், பிஸ்டன்கள் மேலே வந்து மோதும், வால்வுகள் வளையும். ஒரு நொடியில் இன்ஜினின் மேல்பாதியைக் கழற்ற வேண்டிய வேலை வந்துவிடும்.

பெல்ட்டின் விலை ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அதை எட்டுவதற்குப் பல பாகங்களைக் கழற்ற வேண்டும். மாட்டிய பிறகு இறுக்கத்தைச் சரியாக வைக்க வேண்டும். 1987க்கு முந்தைய மாடல்களில் அதற்குத் தனிக் கருவியே தேவைப்பட்டது. திறந்தது திறந்தாயிற்று, தண்ணீர் பம்ப், உருளைகள், எண்ணெய் கசியும் சீல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது என்பார் மெக்கானிக். அவர் சொல்வதும் நியாயம்தான். பழைய சீலிலிருந்து கசியும் எண்ணெய் புதிய பெல்ட்டையும் கெடுத்துவிடும். இதில் இன்னொரு சிக்கல், ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகும். ஆகவே வண்டியை ஷெட்டில் மூடி வைத்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை இந்தச் செலவு உண்டு.

அடுத்தது கிளட்ச். எடை முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, 944இல் இன்ஜின் முன்னாலும் கியர்பாக்ஸ் பின்னாலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரு நீண்ட குழாய் இணைக்கிறது. அந்தக் கார் வளைவுகளில் அவ்வளவு அழகாகத் திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் கிளட்ச் இருப்பது முன்னால், இன்ஜினை ஒட்டி. அதை மாற்ற வேண்டுமானால் புகைக்குழாயைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, நடுக்குழாயைப் பின்னுக்குத் தள்ளி, அதன் பிறகே கிளட்சை எட்ட முடியும். போதாக்குறைக்குப் பல மாடல்களின் கிளட்ச் தட்டில் நடுப்பகுதி ரப்பர். அதுவும் வயதானால் உதிரும்.

கவனித்தால் ஒன்று புரியும். செலவு வைக்கும் பாகங்கள் எல்லாம் அந்தக் காரை நல்ல காராக ஆக்கிய அதே பாகங்கள்தான். அதிராத இன்ஜின் வேண்டும் என்றால் இரண்டாவது பெல்ட். சமமான எடை வேண்டும் என்றால் எட்டாத கிளட்ச்.

இரண்டு கோடுகள்

காரின் விலை வருடத்துக்கு வருடம் இறங்குகிறது. 944க்கு இது இன்னும் வேகமாக நடந்தது. 911 ரசிகர்கள் அதை "உண்மையான போர்ஷே" என்று ஏற்கவே இல்லை. 1985க்குப் பிறகு டாலர் சரிந்ததால் புதிய 944இன் விலை அமெரிக்காவில் 30,000 டாலரைத் தாண்டியது. 1987இல் பங்குச் சந்தையும் சரிந்தது. 1986இல் அமெரிக்காவில் சுமார் 30,000 கார்கள் விற்ற போர்ஷே, 1993இல் 4,000கூட விற்கவில்லை. 944இன் வாரிசான 968உம் 1995இல் நிறுத்தப்பட்டது. 2000களில் பழைய 944கள் சில ஆயிரம் டாலருக்கே கிடைத்தன.

ஆனால் கிளட்ச் மாற்ற ஆகும் நேரம் 1983இல் எவ்வளவோ, 2003லும் அவ்வளவுதான். குறைந்தபாடில்லை. ஒரு மணி நேரத்துக்கான லேபர் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு கோடு இறங்குகிறது, ஒரு கோடு ஏறுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு கிளட்ச் வேலையும் ஒரு பெல்ட் வேலையும் சேர்ந்தால் காரின் விலையையே தொட்டுவிடும். கார் பழையதானாலும் பராமரிப்பு புது போர்ஷேயின் பராமரிப்புதான்.

அந்த இடத்தில் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? சிலர் செலவு செய்தார்கள். பலர் தள்ளிப்போட்டு, அப்படியே விற்றுவிட்டார்கள். முதல் ஆள் செய்யாத வேலை இரண்டாவது ஆளுக்கும், அவரும் செய்யாதது மூன்றாவது ஆளுக்கும் போய்ச் சேர்ந்தது. விலைச்சீட்டில் தெரியாத கடன் அது. ஒரு நாள் பெல்ட் அறுந்ததும் கடன் மொத்தமாக வசூலாகும். அப்படி நின்றுபோன பல 944கள், மற்ற 944களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஆக முடிந்தன. பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் ரசீதுகளைக் கேட்பது இதனால்தான்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது. 1989இல் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற சிறிய திறந்த காரை வெளியிட்டது. அமெரிக்காவில் தொடக்க விலை 13,800 டாலர். அதிலும் டைமிங் பெல்ட் உண்டு. ஆனால் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாதபடி அந்த இன்ஜின் அமைந்திருந்தது. வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். கியர்பாக்ஸும் வழக்கமான இடத்தில், இன்ஜினுக்குப் பின்னாலேயே இருந்தது. வேகத்தில் 944 பல படி மேலே. ஆனால் இருபது வருடம் கழித்து வாங்கும் சாதாரண ஆளைத் தாங்கியது மாஸ்டாதான்.

போர்ஷேயும் மாறியது. 1996இல் வந்த பாக்ஸ்டரில் பெல்ட் இல்லை, சங்கிலிதான். ஆனால் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே சுழலும் தண்டின் பேரிங் சில கார்களில் உடைந்து, இன்ஜினையே நாசமாக்கியது. பெரும்பாலான கார்களில் அது உடையவில்லை. ஆனாலும் உடைந்தவர்களின் வழக்கு அமெரிக்க நீதிமன்றம் வரை போய், 2001 முதல் 2005 வரையிலான சில பாக்ஸ்டர், 911 மாடல்களுக்காக 2013இல் சமரசத்தில் முடிந்தது. பெல்ட் போய் பேரிங் வந்தது. பழைய காரின் விலையை ஒரே ஒரு பாகம் விழுங்கும் கதை மட்டும் மாறவில்லை.

இன்று 944இன் விலை மறுபடி ஏறியிருக்கிறது. தப்பிப் பிழைத்தவை குறைவு. நன்றாகப் பிழைத்தவை இன்னும் குறைவு. இன்று நல்ல விலைக்குப் போகும் ஒவ்வொரு காருக்குப் பின்னாலும், கார் சல்லிக்காசு பெறாத காலத்தில் பெல்ட் மாற்றிய யாரோ ஒருவர் இருக்கிறார். அவர் செய்த செலவு அன்றைய கணக்கில் முட்டாள்தனம். அந்த முட்டாள்தனம் இல்லாவிட்டால் இன்று ஓடுவதற்கு 944 ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள், விலையைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். அது சுண்டைக்காயின் விலைதான். சுமைகூலி எவ்வளவு என்பதையும் கேட்டுவிட்டுப் பேரம் பேசுவது நல்லது.