தஞ்சை விமானத்தின் உச்சிக்கல்லும் அதன் நிறையும்

தஞ்சை இராசராசேச்சரத்து விமானத்தின் உச்சியில் அமைந்தது ஒரே கல் என்றும், அது 25½ அடிச் சதுரமும் 80 டன் நிறையும் உடையது என்றும் வரலாற்று நூல்கள் பலவற்றுள் காண்கின்றோம். விமானத்தின் மேலுள்ள கல்லைத் துலாக்கோலில் இட்டு நிறுத்தார் ஒருவரும் இலர். ஆதலின் இது பருமனை அடர்த்தியால் பெருக்கிப் பெற்ற எண்ணேயாதல் வேண்டும். அவ்வழியே மீண்டும் சோதித்தற்கும் இடமுண்டு.

25½ அடி என்பது ஏறத்தாழ 7.77 மீட்டர், சதுரத்தின் பரப்பு 60.4 சதுர மீட்டர். கருங்கல்லின் அடர்த்தி இனத்திற்கேற்பக் கன மீட்டருக்கு 2,600 முதல் 2,800 கிலோகிராம் வரை வேறுபடும். 2,650 எனக் கொள்வோம். 80 டன்னை இதனால் வகுப்பின் பருமன் 30 கன மீட்டர்; அதனைப் பரப்பால் வகுப்பின் தடிப்பு அரை மீட்டர். ஆங்கில டன் எனக் கொள்ளினும், அடர்த்தியைக் கூட்டிக் கொள்ளினும், வேறுபாடு சில செண்டிமீட்டரே. எனவே இந்நிறை ஒரு பலகைக் கல்லுக்குப் பொருந்துமேயன்றி, கீழிருந்து நோக்குவார் ஒற்றைக்கல் எனச் சுட்டும் சிகரத்திற்குப் பொருந்தாது. அதே அகலத்தை விட்டமாகக் கொண்ட திண்ணிய அரைக்கோளத்தின் பருமன் 123 கன மீட்டராம். நிறை 320 டன்னுக்கு மேற்படும். சிகரம் சரியான அரைக்கோளம் அன்றுதான். ஆயினும் நான்கு மடங்கு வேறுபாட்டை வடிவத்தின் மேல் ஏற்றிவிடல் இயலாது. சிகரம் பல கற்களை இணைத்து எழுப்பியது எனக் குடவாயில் பாலசுப்ரமணியன் முதலிய ஆய்வாளர் கூறுவதே கணக்கோடு ஒத்துவருகின்றது.

கல்வெட்டுகளின் போக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் (கி.பி. 1010) விமானத்து உச்சியில் வைக்க ஈந்த செப்புக்குடம் 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டுக் குறிக்கின்றது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் வழங்கின. அரைக் கழஞ்சையும் விடாது எழுதுவித்தோர் உச்சிக்கல்லின் நிறையை எழுதுவித்திலர்.

சாரப்பள்ளத்திலிருந்து சாரம் அமைத்துக் கல்லை ஏற்றினர் என்னும் வழக்கும் இந்த 80 டன்னையே பற்றி நிற்கின்றது. அதனை ஆராயப் புகுவோர், சிகரத்துத் தனிக்கற்களை அளந்து, அவற்றுள் பெரியதன் நிறையிலிருந்தே தம் கணக்கைத் தொடங்குதல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.